கொச்சிக் காலும் உடலோடு நல்லுறவும்

உடலோடு நல்லுறவு பேணுங்கள் என்னும் அறிவுரை இன்று கொச்சியில் இருவகை இடங்களில் கிடைக்கிறது. ஒன்று, மட்டாஞ்சேரிக்கும் ஃபோர்ட் கொச்சிக்கும் வரும் பயணிகளுக்காகத் திறந்திருக்கும் ஆயுர்வேத மசாஜ் நிலையங்கள். மற்றொன்று, பல்கலைக்கழகங்களின் நலவாழ்வுப் பயிலரங்குகள். முன்னது எண்ணெயும் ஒரு மணி நேர ஓய்வும் விற்கிறது. விலையைக் கேட்டால் சொல்கிறார்கள். அதன்மீது சினங்கொள்ள ஏதுமில்லை. பின்னதற்கு விலைப்பட்டியல் கிடையாது. அங்கே ஆய்வு மாணவர்களைக் கண்மூடச் சொல்லி, உடல் சொல்வதைக் கேட்கச் சொல்லி, உடலிடம் மன்னிப்புக் கோரச் சொல்லி, இறுதியில் அதற்கு நன்றியும் கூறச் சொல்லி அனுப்பிவைக்கிறார்கள். வெளியே வந்தால் அதே நாற்காலி, அதே விடுதி உணவு, மாதக்கணக்கில் வந்துசேராத அதே உதவித்தொகை.

இந்த அறிவுரைக்குள் ஒரு கோட்பாடு ஒளிந்திருக்கிறது. களைப்பும் நோவும் மனிதருக்கும் அவருடைய உடலுக்கும் இடையே மூண்ட பிணக்கின் விளைவு. பிணக்கைத் தீர்க்க வேண்டியவர் அவரே. தீரவில்லையெனில் அவர் போதிய அளவு முயலவில்லை. இதைப் புத்தம்புதிய உளவியல் என்று அறிமுகம் செய்கிறார்கள். கொச்சிக்கு இது மிகப் பழைய சரக்கு. அங்கே ஒரு காலத்தில் இதற்குச் சாபம் என்று பெயர்.

1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்னும் ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதியில் ‘கொச்சின் லெக்’ ஒரு தலைச்சொல்லாக இடம்பெற்றிருக்கிறது. மலபாரில் பரவியிருந்த யானைக்கால் நோய்க்கு முன்பு வழங்கிய பெயர் அது. நோய்க்கு ஊரின் பெயரை ஒட்டிவிடுவது காலனிய மருத்துவத்தின் பழக்கம். ‘மதுரா ஃபுட்’ என்ற வகையில் மதுரைக்கும் அந்தப் பேறு கிட்டியிருக்கிறது. அகராதிக்கு முந்நூறு ஆண்டுகள் முன்பு, 1580களில் கோவாவில் வாழ்ந்த லின்ஸ்கோடன் என்னும் டச்சுக்காரர், யானையின் காலைப்போல வீங்கிய காலுடைய மக்களைப் பற்றி எழுதினார். அவர் காதில் விழுந்த விளக்கம், அவர்கள் புனித தோமாவைக் கொன்றவர்களின் வழித்தோன்றல்கள் என்பது. மூதாதையர் செய்த கொலை பேரர்களின் காலில் வீக்கமாக இறங்கியதாம்.

சாபக் கதையின் வசதி அதன் கணக்கில் இருக்கிறது. கால் வீங்கியவர் ஒருவர் கண்முன்னே நிற்கிறார்; ஆகவே குற்றம் புரிந்தவர் ஒருவர் இருந்தாக வேண்டும்; அவ்விருவரும் ஒருவரே, அல்லது ஒரே குருதி. ஊரில் தேங்கிக் கிடக்கும் நீர் இக்கணக்கில் நுழைவதே இல்லை. நோயாளியின் கால் எல்லார் கண்ணுக்கும் தெரியும். குளத்தை நோயின் பகுதியாக எவரும் காண்பதில்லை.

1877இல் சீனத் துறைமுகமான அமோயில் பாட்ரிக் மான்சன் என்னும் மருத்துவர், யானைக்கால் புழுவின் இளம் உருக்கள் கொசுவின் உடலுக்குள் வளர்வதைக் கண்டறிந்தார். அதன்பிறகுதான் ஆராய்ச்சியின் பார்வை வீங்கிய காலிலிருந்து நீர்நிலைக்கு நகர்ந்தது. கொச்சிக்குத் தெற்கேயுள்ள சேர்த்தலையில் நடந்தது இன்னும் நுட்பமான கதை. அங்கே நோயைப் பரப்பிய மான்சோனியா கொசுவின் புழுக்கள் நீர்ப்பரப்புக்கு வந்து மூச்சுவிடுவதில்லை; ஆகாயத்தாமரை போன்ற மிதக்கும் செடிகளின் வேரைத் துளைத்து அதிலிருந்து காற்றைப் பெறுகின்றன. செடியை அகற்றினால் கொசு ஒழியும். ஆனால் வீட்டுக் குளங்களில் அச்செடியை மக்கள் வேண்டுமென்றே வளர்த்துவந்தனர். தென்னைக்கு அது நல்ல தழையுரம். 1980களில் புதுச்சேரியிலுள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் அங்கே களமிறங்கியபோது, உரத்தைக் கைவிடுங்கள் என்று உபதேசம் செய்வதோடு நின்றுவிடவில்லை. குளத்தில் மீன் வளர்க்க வழிசெய்தது. மீன் வளர வேண்டுமானால் செடி போக வேண்டும். மீன் விற்றால் பணம் வரும். செடி வெளியேறியது. 2004 முதல் இந்திய அரசு ஆண்டுதோறும் மக்கள் அனைவருக்கும் மாத்திரை வழங்கும் திட்டத்தையும் சேர்த்துக்கொண்டது. தென்னை உரப் பொருளாதாரம், மீன் விலை, குளத்தின் பாசி, அரசு மாத்திரை எனப் பல இழைகள் கூடிய இந்தத் தீர்வில் ‘காலோடு நல்லுறவு’ எந்த இடத்திலும் தேவைப்படவில்லை.

தனிமனிதர் செய்யக்கூடியது எதுவுமில்லை என்பது இதன் பொருளாகாது. யானைக்கால் கண்டவர் நாள்தோறும் காலைச் சோப்பிட்டுக் கழுவி, விரலிடுக்கில் ஈரமின்றித் துடைத்து, உயர்த்தி வைத்துப் பயிற்சி செய்தால் காய்ச்சலும் புண்ணும் பெருமளவு குறையும். இதுவே உண்மையான சுயபராமரிப்பு. இதற்கு வேண்டியவை தூய நீர், சோப்பு, உலர்ந்த துணி, அரை மணி நேரம், வெட்கப்படாமல் காலை நீட்டி உட்கார ஓர் இடம். நாளெல்லாம் சாக்கடை நீரில் நின்று பணிபுரிபவருக்கு இவற்றில் எது வாய்க்கும் என்று கேட்டால், சுயபராமரிப்பு என்னும் சொல்லின் முன்பாதியான ‘சுயம்’ எவ்வளவு சிறியது என்பது விளங்கும்.

மொழியின் பக்கம் சற்றுத் திரும்பலாம். ‘உடலோடு உறவு’ என்ற தொடர் தமிழில் நெருடுகிறது. உறவு என்ற சொல் இருவரைக் கேட்கிறது. மாமனும் மருமகனும், அண்டை வீட்டாரும் உறவுடையோர். ஒருவர் தம் முழங்காலுக்கு எவ்வாறு உறவினராவார்? தமிழர் தம் உடல்நிலையைச் சொல்லும் வாக்கியங்களில் இந்த இருமை தென்படுவது அரிது. ‘எனக்குத் தலை வலிக்கிறது’, ‘அவளுக்குப் பசிக்கிறது’ என நான்காம் வேற்றுமையில் நிற்கும் மனிதர் அந்த நோவுக்கு உரிமையாளரும் அல்லர், அதைச் செய்பவரும் அல்லர். அது வந்துசேரும் இடம் அவர். இவ்வமைப்பு திராவிட மொழிகள் பலவற்றுக்கும் பொது. மட்டாஞ்சேரியின் மலையாளத்தில் நோயுற்றவர் ‘எனிக்கு வய்யா’ என்கிறார். அத்தொடரில் உடல் என்ற சொல்லே இல்லை. ‘எனக்கு இயலாது’ என்பது மட்டும் இருக்கிறது. தமிழிலும் ‘அவருக்கு முடியவில்லை’ என்றாலே நோய் என்று புரிந்துகொள்கிறார்கள். இரு மொழிகளிலும் நோய் என்பது இயலாமை. எது இயலாமை? எழுந்து வேலைக்குப் போக, சுமை தூக்க, நிற்க, சமைக்க. இச்சொற்கள் நோயாளியைக் கண்ணாடிமுன் நிறுத்தாமல் அவருடைய பணியிடத்துக்கு முன் நிறுத்துகின்றன.

இலக்கணம் சிந்தனையைத் தீர்மானிக்கிறது என்னும் பழைய வாதத்தை இங்கே யாரும் உயிர்ப்பிக்க வேண்டியதில்லை. தமிழில் பேசுவோரும் உடலை வெறுத்திருக்கிறார்கள். சித்தர் மரபில் உடலை ஓட்டைப் பானையாக இகழ்ந்த குரல்களுக்குக் குறைவில்லை. தீண்டாமை என்னும் கொடுமை உடல்களைப் பற்றிய கோட்பாடன்றி வேறென்ன? மெய் என்றால் உடல், மெய் என்றால் உண்மை என்று மேடைதோறும் சிலேடை முழங்குவோரும், யோகா நிலையத்தின் துண்டறிக்கையில் திருமூலரை அச்சிடுவோரும் இந்தச் சங்கடத்தைச் சந்திப்பதில்லை. மொழியிலிருந்து பெறத்தக்கது ஒரு சிறு எச்சரிக்கையே. இறக்குமதியான ஒரு தொடர், மொழியில் இல்லாத ஒரு பிளவை முதலில் உண்டாக்கிவிட்டுப் பிறகு அதை ஒட்டுவதற்குப் பயிலரங்கு நடத்துகிறது.

‘வய்யா’ என்று சொல்லும் உரிமை எல்லாருக்கும் எப்போதும் இருந்ததில்லை. மட்டாஞ்சேரித் துறைமுகத் தொழிலாளர் வரலாற்றில் ‘சாப்ப’ என்றொரு முறை இருந்தது. முத்திரை என்று பொருள்படும் அச்சொல் அங்கே ஓர் உலோக வில்லையைக் குறித்தது. கப்பலில் சரக்கேற்றி இறக்கும் வேலைக்காகத் தொழிலாளர் கூட்டமாகத் திரண்டு நிற்பார்கள். ஒப்பந்தக்காரரின் ஆள் வில்லைகளைக் கூட்டத்துக்குள் வீசியெறிவான். பிடித்தவருக்கு அன்றைய வேலை உண்டு, பிடிக்காதவருக்குப் பட்டினி. வேலையாட்களை விட வில்லைகள் எப்போதும் குறைவு. ஆகவே மிதிபட்டும் அடிபட்டும் ஒருவர்மீது ஒருவர் விழுந்தும் அவற்றைப் பறித்தார்கள். வேலை தொடங்குமுன்னரே உடல் ஒருமுறை நொறுங்கியாக வேண்டும், அதன்பிறகுதான் மூட்டை.

இக்கூட்டத்தின் நடுவே நின்று ‘உடல் சொல்வதைக் கேளுங்கள்’ என்று ஒருவர் கூறுவதாகக் கற்பனை செய்துகொள்ளலாம். உடல் சொல்வது அங்கே எல்லார் காதிலும் தெளிவாகவே விழுந்தது. அது ஓய்வெடு என்றது. கேட்டவருக்கு வில்லை கிடைக்கவில்லை. காது மந்தமாக இருந்தது அவர்களுக்கு அன்று, வில்லையை வீசியவருக்கு.

அம்முறைக்கு எதிரான போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியது. சைது, சைதலவி, ஆன்டனி என மூன்று தொழிலாளரின் பெயர்களை அந்நிகழ்வின் தியாகிகளாக ஊர் இன்றும் நினைவுகூர்கிறது. துறைமுகத் தொழிலாளர் வேலைவாய்ப்பை ஒழுங்குபடுத்தும் நடுவண் சட்டம் 1948லேயே இயற்றப்பட்டிருந்தது. காகிதத்தில் இருந்த சட்டம் கரைக்கு இறங்கி வருவதற்கு இத்தனை வேண்டியிருந்தது. கே. எம். சிதம்பரன் எழுதிய நாடகத்தை அடிப்படையாகக் கொண்டு ராஜீவ் ரவி இயக்கிய ‘துறமுகம்’ திரைப்படம் 2023இல் வெளிவந்தபின் சாப்பவின் கதை இளைய தலைமுறைக்கும் தெரியலாயிற்று. பெயர்ப் பதிவேடு, முறைவைத்து வேலை, தொழிலாளர் வாரியம் ஆகிய வறண்ட அலுவலகச் சொற்கள்தாம் அந்த உடல்களுக்குக் கிடைத்த சிகிச்சை. நலவாழ்வு குறித்த கருத்தரங்குகளில் இவை ஒருநாளும் உச்சரிக்கப்படுவதில்லை.

சுமையின் எடைக்கும் இதே கதை. 1967இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, வயதுவந்த ஆண் ஒருவர் கையால் தூக்கிச் செல்லும் சுமை 55 கிலோவுக்கு மேற்படக் கூடாது என்று பரிந்துரைத்தது. சுமைத் தொழிலாளருக்கென 1978இலேயே தனிச்சட்டம் இயற்றிய கேரளத்தில், 75 கிலோ என்றிருந்த உச்சவரம்பை 55 ஆக்கும் திருத்தத்தை அமைச்சரவை ஏற்பதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த 20 கிலோவைத் தாங்கிய முதுகெலும்புகளுக்கு எந்தத் தியானம் பரிந்துரைக்கலாம் என்பதை வல்லுநர்கள் கூறட்டும்.

மட்டாஞ்சேரியிலிருந்து மேற்கே, ஃபோர்ட் கொச்சியின் வெளி பகுதியில் தோபிகானா இருக்கிறது. டச்சுக்காரர் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து சலவைக்காகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த வண்ணார் சமூகத்தினர் அங்கே இன்றும் கையால் துவைக்கிறார்கள். 1976இல் கட்டித் தரப்பட்ட தொட்டிகளில் நின்று அடித்துத் துவைத்து, கஞ்சியிட்டு, முறுக்கிய கயிற்றின் புரிகளுக்கிடையே துணியின் முனையைச் செருகி உலர்த்துகிறார்கள். பயணிகள் படமெடுக்கிறார்கள்; ‘மெதுவான வாழ்க்கை’ என்று அதற்குத் தலைப்பும் இடுகிறார்கள். நாளெல்லாம் ஈரத்தில் நிற்கும் பாதத்துக்கும் கரி இஸ்திரிப் பெட்டியைத் தூக்கும் தோளுக்கும் அதில் மெதுவாக எதுவும் நிகழ்வதில்லை.

காலைப் பற்றியே பேச்சு நிகழ்வதால் இன்னொரு வீங்கிய காலையும் சொல்ல வேண்டும். கேரளத்தின் துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் பணிபுரியும் பெண்கள் பணிநேரம் முழுவதும் உட்காரக் கூடாது என்பது அண்மைக்காலம் வரை எழுதப்படாத விதி. சுவரில் சாய்ந்தாலும் குற்றம். கழிவறை இல்லாத இடங்களில், சிறுநீர் கழிக்க வேண்டிவருமே என்று அவர்கள் தண்ணீர் குடிப்பதையே தவிர்த்தார்கள். நரம்பு சுருண்ட கால்களும் சிறுநீர்த் தொற்றும் அப்பணியின் நிழல் ஊதியம். கோழிக்கோட்டில் விஜி முதலானோர் உருவாக்கிய ‘பெண்கூட்டு’ என்னும் அமைப்பு இதைக் கையிலெடுத்தது. அவர்கள் கேட்டது இருக்கை, அதற்குமுன் கழிவறை. ஆண்டுக்கணக்கான போராட்டத்துக்குப்பின் 2018இல் கேரள அரசு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி உட்காரும் உரிமையைச் சேர்த்தது. 2021இல் தமிழ்நாடும் அதே வழியில் தன் சட்டத்தைத் திருத்தியது. உட்காரும் உரிமை என்ற தொடரை முதன்முறை கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. அவர்கள் பெரும்பாலும் உட்கார்ந்துகொண்டிருந்தவர்கள்.

அப்பெண்களுக்கு உடலோடு உறவு கெட்டிருந்தது என்று சொல்ல முடியுமா? தண்ணீர் குடிக்காதே என்று தம் உடலுக்குத் தாமே ஆணையிட்டவர்கள் அவர்கள். நலவாழ்வுப் பயிற்றுநரின் அளவுகோலில் அது சுயவன்முறை. அந்த அளவுகோலால் கடையின் வரைபடத்தில் கழிவறை இல்லாததைக் கண்டுபிடிக்க இயலாது.

இவையெல்லாம் கூலித் தொழிலாளர் கதை, பல்கலைக்கழகத்துக்கு இதில் என்ன என்று கேட்போருக்குக் கொச்சியிலேயே விடை உண்டு. 2023 ஜனவரியில் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், மாணவர் பேரவையின் கோரிக்கையை ஏற்று, மாதவிடாயைக் கருதி மாணவியருக்கு ஒவ்வொரு பருவத்திலும் வருகைப்பதிவில் 2 விழுக்காடு விலக்கு அளித்தது. தேர்வெழுத 75 விழுக்காடு வருகை வேண்டும் என்பது அவர்களுக்கு 73 ஆயிற்று. அதே மாதத்தில் கேரள அரசு அதை உயர்கல்வித் துறையின்கீழுள்ள பல்கலைக்கழகங்கள் அனைத்துக்கும் விரிவாக்கியது. அதற்கு முன்பும் மாணவியருக்கு உடலோடு இணக்கமாக இருக்கும்படி அறிவுரை கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. இணக்கத்துக்குத் தடையாக இருந்தது பதிவேட்டின் ஓர் எண். ஆய்வில் ஈடுபட்டிருக்கும் பெண்களுக்குப் பேறுகாலத்துக்கும் குழந்தைப் பராமரிப்புக்கும் 240 நாள் வரை விடுப்பு என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் எழுதிய விதியும் இதே இனம். அவ்விதி எத்தனை நெறியாளர்களின் முகக்குறிப்பைக் கடந்து நடைமுறைக்கு வருகிறது என்பது ஒவ்வொரு துறையும் தனக்குள் கேட்டுக்கொள்ள வேண்டியது.

எதிர்வாதம் ஒன்று வலுவானது. அதைத் தட்டிக்கழிக்க இயலாது. தோற்றத்தை வெறுத்து உணவை மறுக்கும் மாணவியும், கண்ணாடியைப் பார்க்க அஞ்சும் மாணவனும் இருக்கிறார்கள். இருக்கை சட்டம் அவர்களைக் காப்பாற்றாது. அவர்களுக்கு வேண்டியது மருத்துவம், பொறுமையான உளவியல் சிகிச்சை, அதுவும் நீண்ட காலத்துக்கு. இதில் ஐயமே இல்லை. ஆனால் இதே காரணத்தால்தான் அரைநாள் பயிலரங்கு கண்டனத்துக்குரியதாகிறது. நிரந்தர ஆலோசகர் பணியிடம் ஒன்றை நிரப்பாமல் வெளியிலிருந்து ஒரு பேச்சாளரை அழைத்துப் பொன்னாடை போர்த்துவது மலிவு. நோயுள்ளவருக்கு அது போதாது. நோயற்றவரிடம் அது குற்றவுணர்வை விதைக்கிறது. நிறத்துக்கும் எடைக்கும் சாதிக்கும் விலைகூறும் திருமணச் சந்தை வெளியே அப்படியே இயங்க, அதன் தராசில் நிறுக்கப்பட்ட பெண்ணிடம் உன்னை நீயே நேசி என்பது, வழக்கில் தோற்றவரிடமே நீதிமன்றச் செலவையும் கேட்பதற்கு ஒப்பு.

சுயபராமரிப்பு என்ற கருத்துக்கும் வேறொரு பிறப்பு உண்டு. கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்ட் 1988இல் வெளிவந்த தம் நூலில் அதைப் பற்றி எழுதியபோது, புற்றுநோய் அவருடைய ஈரலை எட்டியிருந்தது. தம்மைப் போன்றோர் உயிரோடிருப்பதையே விரும்பாத ஒரு சமூகத்துக்கு எதிரான அரசியல் போராகவே அவர் அதைக் கண்டார். இன்று அவருடைய பெயர் பயிலரங்குப் படவில்லைகளில் தாமரைப்பூவின் அருகே வருகிறது. போர் மட்டும் வழியில் எங்கோ இறக்கிவிடப்பட்டது.

பயிலரங்குகளை நடத்துவோர் தீயவர்கள் அல்லர். பலர் தம் மாணவரின் துன்பத்தைக் கண்டு மனம் நொந்தே அவற்றை ஏற்பாடு செய்கிறார்கள். அவர்களுக்கு ஒரு மாற்று நிகழ்ச்சிநிரல். முதல் அமர்வில் உதவித்தொகை எந்தத் தேதியில் வரும் என்பதைக் கணக்கு அலுவலர் எழுத்தில் தரட்டும். இரண்டாம் அமர்வில் நூலகத்து நாற்காலிகளில் துணைவேந்தரும் புலத்தலைவர்களும் ஆறு மணி நேரம் தொடர்ந்து அமர்ந்து படிக்கட்டும். உடல் சொல்வதை அவர்களும் கேட்கட்டும். உணவு இடைவேளை விடுதி உணவகத்திலேயே. பிற்பகலில், மாலை ஐந்து மணிக்குப் பூட்டப்படும் துறைக் கட்டடங்களின் பெண்கள் கழிவறைச் சாவி யாரிடம் இருக்கிறது, இரவில் ஆய்வகத்தில் தங்கும் மாணவி எங்கே போக வேண்டும் என்பதற்குப் பதிவாளர் விடையளிக்கட்டும். நேரம் மிஞ்சினால் எல்லாரும் கண்களை மூடி மூச்சை இழுத்துவிடலாம்.